சைக்கிளை விட்டு இறங்க வேண்டாம்!



பிரெஞ்சு நாட்டுக்குச் சுற்றுலா போய் வந்த நண்பர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்து படங்களைக் காட்டினார். கோபுரம், அரண்மனை, கடைத்தெரு என்று காட்டுவார் என நினைத்தேன். அவரோ ஒரு சைக்கிளைக் காட்டினார். அடுத்த படத்திலும் சைக்கிள். அதற்கடுத்த படத்திலும் அதே சைக்கிள், பக்கத்தில் வியர்வை வழிய அவருடைய மனைவி!

“ஒரு வாரம் முழுக்க மிதித்தோம். ஒரு கார் எதிரே வரவில்லை” என்று பெருமையாகச் சொன்னார். அங்கே ரயில் ஓடாமல் போன பழைய பாதைகளில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சைக்கிளுக்கென்றே வழி செய்து வைத்திருக்கிறார்களாம். லோவார் என்ற ஆற்றின் கரையோரமாக மட்டும் ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் வழி ஓடுகிறது. வழிநெடுகப் பழைய கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள், மாதா கோயில்கள். ஊர் ஊராகத் தங்கி, பழங்கதைகளைக் கேட்டுக்கொண்டே போகலாம். இதற்காக உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் பணம் செலவழித்து வருகிறார்கள்.

நண்பர் சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு சிரிப்பு. கார் வராத சாலை. இரு பக்கமும் வரிசை பிசகாத மரங்கள். மேட்டின் மேல் பழைய பங்களா. வளைவில் சிறு கோயில். ஐயா, இந்தச் சாலையில்தானே நானும் நீங்களும் பிறந்து வளர்ந்தோம்! இதில்தானே பள்ளிக்கூடத்துக்கும் பால் ஸ்டோருக்கும் போய் வந்தோம்! சுற்றுலா என்று அதற்குப் பெயர் வைக்க நமக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நண்பருக்கு நான் ஒரு கதை சொன்னேன். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் வந்த தோட்டம்

பிரெஞ்சு நாட்டின் தென்மேற்கே பார்பெசியு என்று ஒரு சிற்றூர். அங்கே 1879இல் பிறந்தவர் ஆன்றி ஃபோக்கோனியே. சொந்த ஊரில் பிழைப்பு பிடிக்காமல் 1905இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். வந்தவர் நின்ற இடம் வேறு எங்குமில்லை. நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், சிலாங்கூர் ஆற்றின் பக்கத்திலுள்ள ரந்தாவ் பாஞ்சாங். காட்டை அழித்து ரப்பர் போட்டார். பிறகு சுமத்ராவிலிருந்து செம்பனை விதைகளைத் தருவித்தார்.

அந்தக் காலத்தில் செம்பனை என்றால் மலாயாவில் அழகு மரம். 1870களில் கொண்டுவரப்பட்டுப் பூங்காக்களில் நின்றது. அதை வயிற்றுப் பிழைப்புக்குரிய பயிராக, தோட்டக் கணக்கில், முதன்முதலாக நட்ட இடம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டம். ஆண்டு 1917. (பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.)

தென்னமரம்! அந்தப் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எந்த மொழிக்காரர் வாயில் அது பிறந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டுமா? இன்று இந்த நாட்டில் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் செம்பனை. அதன் தாய்வீடு நம்முடைய ஊர்.

ஃபோக்கோனியே பின்னர் ‘மலேசி’ என்ற நாவலை எழுதினார். பிரெஞ்சு மொழியின் பெரிய இலக்கிய விருதான கோன்கூர் பரிசு 1930இல் அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. தோட்டக்காட்டு வாழ்க்கைதான் கதை. நம் தமிழ்த் தொழிலாளர்களும் அதில் வருகிறார்கள். ஆனால் ஒரு துரையின் கண்ணுக்கு எப்படித் தெரிந்தார்களோ அப்படி வருகிறார்கள். நாவலாசிரியர் 1973 வரை வாழ்ந்தார்.

வேடிக்கை என்ன தெரியுமா? அவர் பிறந்த பார்பெசியுவிலும் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் வழியாக்கி வைத்திருக்கிறார்கள். அவருடைய ஊரை வெள்ளைக்காரப் பிள்ளைகள் சைக்கிளில் சுற்றிப் பார்க்கிறார்கள். அவர் நிலம் திருத்திய ஊரை நம் பிள்ளைகள் சுற்றிப் பார்த்திருக்கிறார்களா? கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூருக்கும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளங்களை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். சைக்கிள் வழி போட நமக்கு யாரும் வரவில்லை. பரவாயில்லை, நமக்குச் செம்மண் சாலை இருக்கிறது.

அப்பா ஏன் இறங்கினார்?

இப்போது என் சொந்தக் கதை கொஞ்சம்.

நான் பிறந்த தோட்டத்தின் பெயர் வேண்டாம். 1960களில் என் அப்பாவிடம் ஒரு கறுப்பு ராலே சைக்கிள் இருந்தது. தோட்டத்தில் அப்போது சைக்கிள் என்பது இன்றைக்குக் கார் மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காயெண்ணெயும் பழந்துணியும் கொண்டு துடைப்பார். முன் கம்பியில் ஒரு துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துப் பட்டணத்துக்கு அழைத்துப் போவார். எனக்கு ராஜ மரியாதை!

ஆனால் ஒன்று. எதிரே துரையின் கார் வருவது தெரிந்தால் அப்பா பிரேக் பிடித்துவிடுவார். இறங்கி ஓரமாக நிற்பார். என்னையும் இறக்கிவிடுவார். புழுதி எங்கள் மேல் படிந்து அடங்கிய பிறகுதான் மறுபடி ஏறுவார். பெரிய கிராணி நடந்து வந்தாலும் இதே கதைதான். ஒரு நாள் மழையில் இப்படி இறங்கி நின்று, சேற்றில் என் புதுச் செருப்பு போயிற்று. அந்தச் செருப்புக்காக அழுதது நினைவிருக்கிறது. அப்பா ஏன் இறங்கினார் என்று கேட்க நினைவில்லை. இறங்குவது இயற்கை என்றே நினைத்திருந்தேன்.

விடை பல ஆண்டுகள் கழித்து ஒரு வரலாற்றுப் புத்தகத்தில் கிடைத்தது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலை நிறுத்தம் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்தினார். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலி தமிழனுக்கும் வேண்டும், பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும், மருத்துவ வசதி வேண்டும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்று கோரிக்கைகள் நீண்டன. அந்த வரிசையில் ஒரு கோரிக்கையைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

துரைமாரும் கிராணிமாரும் எதிரே வந்தாலும், தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும்!

கூலிக்கும் படிப்புக்கும் பக்கத்தில் சைக்கிளையும் வைத்தார்கள், பாருங்கள். சின்ன விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை. காசு சேர்த்து வாங்கிய சொந்தச் சைக்கிள். அதிலிருந்து நாளைக்கு எத்தனை முறை இறங்குவது?

1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கேட்டு வேலை நிறுத்தம் கிள்ளானைத் தாண்டியும் பரவியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். பலர் சிறைப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அதன் பிறகு ஏழே மாதங்கள். டிசம்பரில் கோத்தாபாருவில் ஜப்பானியப் படை இறங்கியது. அந்தப் படை மலாயாவைப் பிடிக்க எதில் வந்தது? சைக்கிளில்! டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்களாம். இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிர்ப்படை மிரண்டதாகச் சொல்வார்கள். தொழிலாளியைச் சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்னவர்கள் காரில் ஏறித் தெற்கே ஓட, பின்னால் சைக்கிள் வந்தது. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த மூன்றரை ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவே இல்லை என்பதால் நம்மால் சிரிக்க முடிவதில்லை.

சண்டைக்குப் பிறகு சங்கம் வந்தது, சுதந்திரம் வந்தது. இறங்கச் சொல்லும் துணிவு போயிற்று. ஆனால் என் அப்பா 1960களிலும் இறங்கிக்கொண்டிருந்தார். கால் பழகிவிட்டது.

எங்கே போகலாம்?

சரி, கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமையே நல்லது. அன்று தோட்டத்தில் காய் ஏற்றும் லோரிகளின் நடமாட்டம் குறைவு. விடிந்ததும் புறப்பட்டால் பத்தரை மணிக்குள் திரும்பிவிடலாம்; அதற்கு மேல் நம் ஊர் வெயில் யாரையும் விடாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிள்ளானிலிருந்து ஜெரம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாக வடக்கே போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் பிள்ளைகளுடன் சைக்கிள் ஓட்டாதீர்கள். லோரிகளும் பேருந்துகளும் அங்கே யாருக்கும் நிற்பதில்லை. சைக்கிளை வேனிலோ பிக்கப்பிலோ ஏற்றிக்கொண்டு போய், உட்சாலையில் இறக்கி ஓட்டுவதே புத்தி.

பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கமெல்லாம் தோட்டச் சாலைகள் இன்னும் உண்டு. தோட்டம் என்பது கம்பெனிக்குச் சொந்தமான நிலம். ஆகவே அலுவலகத்திலோ வாயிற்காவலரிடமோ கேட்டுக்கொண்டு நுழையுங்கள். “எங்கள் பாட்டன் இங்கே வேலை செய்தார், பிள்ளைகளுக்குக் காட்ட வந்தோம்” என்று சொன்னால் மறுப்பவர் குறைவு. சில இடங்களில் மறுக்கத்தான் செய்வார்கள். சண்டை போடாமல் அடுத்த சாலையைப் பாருங்கள்.

உள்ளே போனால் பார்க்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். காட்டத் தெரிந்தால் நிறைய இருக்கிறது. சாலையோரப் பலகையில் அந்தக் காட்டை நட்ட ஆண்டு எழுதியிருக்கும். அதைப் பார்த்து மரத்தின் வயதைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கம்பத்தின் மேல் மரப்பெட்டி தெரிந்தால் அது ஆந்தைக்குக் கட்டிய வீடு. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலியை ஆந்தை தின்னும். செம்பனை வரிசைக்கு நடுவே திடீரென்று ஒரு மாமரமும் முருங்கையும் நின்றால் சைக்கிளை நிறுத்துங்கள். அங்கே லயம் இருந்திருக்கிறது. கொஞ்சம் தேடினால் கிணற்று மேடை, ஆயாக் கொட்டகையின் சிமெண்டுத் தரை, பெரட்டுக்களத்தின் மணி தொங்கிய கம்பம் என்று ஏதாவது தென்படும். ஆள் இல்லாத காட்டுக்குள் விளக்கு எரியும் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலும் தென்படலாம். பட்டணத்துக்குக் குடிபோன யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஏற்றிவிட்டுப் போகிறார் என்று அர்த்தம்.

இதையெல்லாம் சீக்கிரம் காட்டிவிடுங்கள் என்று வற்புறுத்தக் காரணம் உண்டு. தோட்டங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாகிக்கொண்டே இருக்கின்றன. நான் பிறந்த லயத்தின் மேல் இன்று இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. எங்கள் தண்ணீர்க் குழாய் எந்த வீட்டின் வரவேற்பறைக்குள் இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் கோலசிலாங்கூர் பட்டணத்தை வைத்துக்கொள்ளுங்கள். மெலாவத்தி மலை உயரமில்லை. ஆனாலும் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வெட்கப்பட வேண்டாம். சிலாங்கூர் சுல்தான்களின் பழைய கோட்டை இது. 1784இல் டச்சுக்காரர்கள் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநரின் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். பீரங்கிகள் இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றன. முதல் மூன்று சுல்தான்களின் அடக்கத்தலமும், 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும் மேலே உண்டு. பிள்ளைகளுக்கு இவற்றைவிடக் குரங்குகள்தான் பிடிக்கும். சாம்பல் நிறக் குரங்கின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி! பிறந்த சில மாதங்களில் நிறம் மாறிவிடும். அவை சாதுவானவை. பக்கத்தில் சுற்றும் நீளவால் குரங்குகள் அப்படியல்ல. பையைத் திறந்து வைத்தால் பலகாரம் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் கோயில் கும்பிட விரும்புகிறவர்களுக்குப் புக்கிட் ரோத்தானில் 2013இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் இருக்கிறது.

கம்போங் குவாந்தான் மின்மினிகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆற்றோர பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் ஒன்றுபோலக் கண்சிமிட்டும். அவற்றின் புழுக்கள் கரைச் சேற்றில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரையைச் சுரண்டினால் மின்மினி இல்லை. ஆனால் அது இரவுக் காட்சி. பார்க்கத்தான் வேண்டுமென்றால் வேனில் போங்கள். இருட்டில் சைக்கிள் வேண்டாம்.

கால் வலிக்காமல் ஓட்ட ஆசைப்படும் தாய்மார்களுக்கு தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்வெளியைப் போன்ற இடம் வேறில்லை. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. பெர்ணம் ஆற்று நீரைக் கால்வாய் வெட்டித் தெங்கி ஆற்றுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து பெரிய வாய்க்காலில் விட்டு, ஆண்டுக்கு இரண்டு போகம் விளைவிக்கிறார்கள். வாய்க்கால் கரையோரமும் வயலின் நடுவிலும் நேர்கோடாக வழிகள் ஓடுகின்றன. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கொக்கு, தலைக்கு மேல் வானம். நம் பாட்டிமார் தஞ்சாவூரையும் திருச்சியையும் விட்டு வந்தபோது கண்ணில் நிறுத்திக்கொண்டு வந்த காட்சி இதுவாகத்தான் இருந்திருக்கும். சைக்கிள் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். செகிஞ்சானில் வாடகைக்குக் கிடைக்கிறது. அறுவடைக் காலத்தில் இயந்திரங்களுக்கும் நெல் லோரிகளுக்கும் வழி விடுங்கள். அவர்கள் பிழைப்பு அது.

சேலை கட்டிக்கொண்டு சைக்கிளா என்று யாராவது கேட்டால், விடிகாலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம் வெட்டியவள் எங்கள் அம்மா என்று சொல்லுங்கள்.

மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டியவை: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், தொப்பி. பிள்ளைகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம். மழை பெய்த மறுநாள் செம்மண் சாலைக்குப் போக வேண்டாம். சக்கரத்தில் மண் ஒட்டினால் சைக்கிளை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள்; மெதுவாக நிறுத்தி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பெரும்பாலும் குரைத்துவிட்டுப் போய்விடும்.

போன மாதம் பன்னிரண்டு வயதுப் பேத்தியுடன் நானும் ஒரு தோட்டத்துக்குள் போனேன். மேட்டின் மேல் துரை பங்களா தெரிந்தது. கூரை ஓடு பாதி விழுந்துவிட்டது. என் கை தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. அவள் நிற்காமல் என்னைத் தாண்டிப் போய், வளைவில் திரும்பிப் பார்த்து, “என்ன தாத்தா, சங்கிலி கழன்றுவிட்டதா?” என்றாள்.

இல்லை என்றேன். பிறகு நிழலில் உட்கார்ந்து, அப்பாவின் ராலே சைக்கிளையும் என் செருப்பையும் 1941ஐயும் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். “அந்தச் சைக்கிள் இப்போது எங்கே?” என்று கேட்டாள். பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டோம் என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

திரும்பும் வழியில் ஒட்டுக்கடையில் பசியாறினோம். அடுத்த ஞாயிறு வாய்க்கால் கரைக்குப் போகலாம் என்கிறாள். பின் டயரை மாற்ற வேண்டும்.